புரதத்தின் மேல் ஒரு முத்திரை: ஹெர்பிஸ் வைரஸ் செல்லை வசப்படுத்தும் விதம்

‘கல்’ என்று எழுதிவிட்டு, ககரத்தை அடுத்து ஒரு துணைக்காலைச் சேர்த்தால் ‘கால்’ ஆகிவிடும். முன்பு எழுதிய எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. பிறகு வந்து ஒட்டிக்கொண்ட ஒரு சின்ன அடையாளம் சொல்லின் பொருளையே மாற்றிவிட்டது. அதை அழித்தால் பழையபடி கல்.

செல்லுக்குள் புரதங்களுக்கு நடப்பதும் இதுதான். எந்த அமினோ அமிலத்துக்குப் பின் எது வரவேண்டும் என்பதை மரபணு சொல்கிறது. ரைபோசோம் அதன்படி கோத்துத் தருகிறது. வேலை அத்தோடு முடிவதில்லை. கோத்து முடித்த புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டையோ, சர்க்கரைச் சங்கிலியையோ, இன்னொரு குட்டிப் புரதத்தையோ நொதிகள் கொண்டுவந்து ஒட்டுகின்றன. ஒட்டியதும் அந்தப் புரதம் வடிவம் மாறலாம், இடம் மாறலாம், புதிதாக வேறொரு புரதத்தோடு சேரலாம், அல்லது அழிவுக்கு அனுப்பப்படலாம். இதைப் புரத மாற்றம் என்பார்கள். இந்தக் கட்டுரையில் ‘முத்திரை’ என்றே சொல்லிக்கொண்டு போவோம்.

மனிதச் செல்லில் புரதங்களுக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. உதட்டோரத்தில் கொப்புளம் உண்டாக்கும் எச்எஸ்வி-1 என்ற ஹெர்பிஸ் வைரஸிடம் இருப்பவை சுமார் 80. இந்த எண்பதை வைத்துக்கொண்டு ஒரு முழுச் செல்லையும் வைரஸ் உற்பத்திக்குத் திருப்பிவிட வேண்டும் என்றால், எல்லாவற்றையும் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. இருக்கிற புரதங்களின் மேலுள்ள முத்திரைகளை மாற்றிவிடுவதே அதற்குக் கைவந்த வழி. செல்லும் கைகட்டி நிற்பதில்லை. வைரஸை அடக்க அதுவும் இதே முத்திரைகளைத்தான் எடுக்கிறது. அதனால் ‘பாஸ்பேட் ஏறினால் வைரஸுக்கு நல்லதா, கெட்டதா’ என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்தப் புரதத்தில், எந்த இடத்தில், தொற்றிய எத்தனையாவது மணியில் என்று கேட்டால்தான் கிடைக்கும்.

முத்திரைகளில் முக்கியமானவை

பாஸ்பேட் மிகச் சிறியது. புரதத்தின் எடையில் 80 டால்டன் அளவே கூட்டும். ஆனால் இரண்டு எதிர்மின்சுமையோடு வருவதால் அந்த இடத்தின் இயல்பே மாறிவிடும். செரின், திரியோனின், டைரோசின் ஆகிய அமினோ அமிலங்களில் இது ஏறும். ஏற்றும் நொதி கைனேஸ். இறக்கும் நொதி பாஸ்படேஸ். மனித உடலில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உண்டு.

உபிக்விட்டின் என்பது 76 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு முழுப் புரதம். அது லைசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஏறும். ஒன்றின் மேல் ஒன்றாக நான்கோ அதற்கு மேலோ சேர்ந்து, குறிப்பிட்ட வகையில் சங்கிலியானால், அந்தப் புரதம் புரோட்டியசோம் என்ற அரைவை இயந்திரத்துக்குப் போகும். வெட்ட வேண்டிய மரத்துக்குச் சுண்ணாம்பில் அடையாளம் போட்டுவிட்டுப் போவது போல. இதைக் கண்டறிந்ததற்காக ஏரன் சிச்சனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. உபிக்விட்டினை ஒட்ட மூன்று கட்டம்: இ1 அதைத் தூண்டிவிடும், இ2 சுமந்து வரும், இ3 எந்தப் புரதத்தில் ஒட்டுவது என்று தேர்ந்தெடுக்கும். இ3 வகை நொதிகள் மனிதரிடம் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இந்த ‘இ3’ என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுமோ, உபிக்விட்டினின் உறவுக்காரப் புரதம். பெரும்பாலும் இது அழிவுக்கு அனுப்புவதில்லை. புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கூட்டம் சேர்க்கிறது. இதற்கு இ2 நொதி ஒன்றே ஒன்றுதான்: யுபிசி9. எடுத்துவிடும் நொதிகளுக்குச் சென்ப் என்று பெயர். இவை போக, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஏறும் அசெட்டைல், மெத்தில் முத்திரைகள் உண்டு. வைரஸின் வெளியுறைப் புரதங்களில் ஏறும் சர்க்கரைச் சங்கிலிகளும் உண்டு.

சர்க்கரையை இங்கேயே சொல்லி முடித்துவிடலாம். வைரஸ் தன் உறைப் புரதங்களுக்குச் சர்க்கரை ஏற்றிக்கொள்ளும் இயந்திரத்தைத் தனியாக வைத்திருப்பதில்லை; புரதங்களைப் பதப்படுத்தும் செல்லின் உள்ளுறுப்புகளான எண்டோபிளாச வலையையும் கோல்கியையும் அப்படியே பயன்படுத்துகிறது. எப்ஸ்டைன்-பார் வைரஸின் ஜிபி350 என்ற உறைப் புரதத்தில் ஏறத்தாழப் பாதி எடை சர்க்கரைதான். டுனிகாமைசின் கொடுத்து ஒரு வகைச் சர்க்கரை ஏற்றத்தை நிறுத்தினால், தொற்றும் திறனுள்ள வைரஸ் உருவாவது பெரிதும் குறைந்துவிடும். ஆனால் அதே டுனிகாமைசின் செல்லின் சொந்தப் புரதங்களையும் கெடுப்பதால் மருந்தாக உதவாது.

உட்கருவுக்குள் முதல் மோதல்

மனிதரைத் தொற்றும் ஹெர்பிஸ் வைரஸ்கள் ஒன்பது. சின்னம்மையையும், பல ஆண்டுகள் கழித்து அக்கியையும் தரும் வேரிசெல்லா-சோஸ்டர், சைட்டோமெகலோ, எப்ஸ்டைன்-பார், கபோசி சார்கோமா வைரஸ் எல்லாம் இந்தக் குடும்பம்தான். ஆனால் முத்திரைப் போர் மிகத் தெளிவாக விளங்குவது எச்எஸ்வி-1-இல். ஆகவே அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவோம்.

வைரஸ் செல்லுக்குள் நுழைந்ததும் அதன் புரதக் கூடு உட்கருத் துளைவரை பயணம் செய்து, டி.என்.ஏ.வை மட்டும் உள்ளே செலுத்துகிறது. அந்த டி.என்.ஏ. வந்து சேர்ந்த இடத்தில் சற்று நேரத்திலேயே செல்லின் காவல் புரதங்கள் கூடிவிடும். அவற்றின் தலைமைப் புரதம் பிஎம்எல். ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் உடைந்து ஒட்டிக்கொண்ட மரபணு ஒன்றின் வழியாகத்தான் இது முதலில் கண்டறியப்பட்டது. பெயரும் அப்படி வந்ததே. பிஎம்எல், எஸ்பி100, டாக்ஸ், ஏடிஆர்எக்ஸ் என்று பல புரதங்கள் உட்கருவில் சிறு சிறு உருண்டைகளாகத் திரண்டிருக்கும். நிறமேற்றிப் பார்த்தால் ஒரு உட்கருவில் பெரும்பாலும் ஐந்து முதல் முப்பது புள்ளிகள்வரை மின்னும்.

இந்த உருண்டைகளை உருண்டையாக வைத்திருப்பது சுமோ முத்திரை. பிஎம்எல் புரதத்தில் 65, 160, 490 ஆகிய எண்களில் உள்ள லைசின்கள்தான் சுமோ ஏறும் முக்கிய இடங்கள். ஏறிய சுமோவை இன்னொரு புரதத்தில் உள்ள ஒரு குட்டிப் பகுதி பற்றிக்கொள்ளும். இப்படி ஒன்றை ஒன்று பற்றித்தான் கூட்டம் நிற்கிறது. இந்தக் கூட்டம் வைரஸ் டி.என்.ஏ.வைச் சூழ்ந்து, அதன் மேல் ஹிஸ்டோன்களைச் சுற்றி, மரபணுக்களை வாயடைக்கப் பார்க்கிறது.

வைரஸ் இதற்குத் தயாராகவே வருகிறது. அது முதன்முதலில் உருவாக்கும் சில புரதங்களில் ஒன்று ஐசிபி0. நீளம் 775 அமினோ அமிலங்கள். அதன் முன்பகுதியில், 116-ஆம் எண்ணிலிருந்து 156-ஆம் எண்வரை, துத்தநாக அயனிகளைப் பிடித்துக்கொண்டு மடிந்திருக்கும் ஒரு பகுதி உண்டு. அதற்கு ரிங் விரல் என்று பெயர். மேலே நினைவில் வைக்கச் சொன்ன இ3 நொதியின் வேலையை இதுதான் செய்கிறது. வைரஸ் தானே ஓர் இ3-ஐக் கொண்டுவருகிறது. உபிக்விட்டின், இ1, இ2, புரோட்டியசோம் எல்லாம் செல்லின் செலவு. ஐசிபி0, சுமோ ஏறிய பிஎம்எல்லையும் எஸ்பி100-ஐயும் தேடிப் பிடித்து உபிக்விட்டினை ஒட்டுகிறது. வைரஸ் நிறையப் புகுந்த செல்லில் சில மணி நேரத்துக்குள் அந்த மின்னும் புள்ளிகள் மறைந்துவிடும். கூட்டம் சேர்க்க வைத்த அடையாளமே கூட்டத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகிவிடுகிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் வியப்பான இடம் இதுதான்.

ஐசிபி0 இன்னொரு வேலையும் செய்கிறது. அதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். வைரஸின் டி.என்.ஏ. இரு முனைகளுள்ள நீள் இழை. செல்லின் பார்வையில் அது உடைந்த டி.என்.ஏ. உடைப்பைக் கண்டால் ஆர்என்எஃப்8, ஆர்என்எஃப்168 என்ற இரண்டு நொதிகள் அங்குள்ள ஹிஸ்டோன்களில் உபிக்விட்டினை ஒட்டி, பழுதுபார்க்கும் புரதங்களை அழைக்கும். ஐசிபி0 இந்த இரண்டையும் அழிக்கிறது. ஆர்என்எஃப்8-ஐ எப்படிப் பிடிக்கிறது தெரியுமா? ஐசிபி0-வின் 67-ஆவது இடத்தில் ஒரு திரியோனின் உண்டு. செல்லின் சொந்தக் கைனேஸான சிகே1 அதன் மேல் பாஸ்பேட் ஏற்றுகிறது. இப்படி பாஸ்பேட் ஏறிய திரியோனினைப் பற்றிக்கொள்வதற்கென்றே ஆர்என்எஃப்8-இல் ஒரு பள்ளம் இருக்கிறது. செல்லின் பழுதுபார்க்கும் புரதங்களைப் பற்றுவதற்காக அமைந்த பள்ளம் அது. ஐசிபி0 அதில் போய் உட்கார்ந்துகொண்டு, பற்றியவனுக்கே உபிக்விட்டினை ஒட்டிவிடுகிறது. இதில் வைரஸ் செய்தது இரையை வைத்தது மட்டுமே. முத்திரை குத்தியது செல்.

இ3 நொதிகளுக்கு ஓர் ஆபத்து உண்டு: பக்கத்தில் யாரும் இல்லையென்றால் தம் மேலேயே உபிக்விட்டினை ஒட்டிக்கொள்ளும். ஐசிபி0-வும் அப்படித்தான். அதைத் தவிர்க்க, உபிக்விட்டினை எடுத்துவிடும் செல் நொதியான யுஎஸ்பி7-ஐ அது தன்னோடு இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஒட்டுவதற்கு ஒரு கை, தன் மேல் ஒட்டியதைத் துடைப்பதற்கு இன்னொரு கை.

குடும்பத்தின் மற்ற வைரஸ்களும் இதே கூட்டத்தைத்தான் கலைக்கின்றன, வழிதான் வேறு. சைட்டோமெகலோ வைரஸின் ஐஇ1 புரதம் பிஎம்எல்லை அழிக்காமல், அதிலுள்ள சுமோவை மட்டும் கழன்றுபோகச் செய்கிறது. அதன் பிபி71 என்ற புரதம் வைரஸ் துகளுக்குள்ளேயே வந்து டாக்ஸை அழிக்கிறது. எப்ஸ்டைன்-பார் வைரஸின் பிஎன்ஆர்எஃப்1, டாக்ஸையும் ஏடிஆர்எக்ஸையும் பிரித்துவிடுகிறது.

இதை ஆய்வகத்தில் பார்க்கும்போது எங்கே தவறுகிறது

ஐசிபி0 இல்லாத வைரஸை மனிதத் தோலின் நார்ச்செல்களில் விட்டால், அது செல்களைக் கொன்று செல் படலத்தில் வெற்றிடங்களை உண்டாக்கும் திறன் ஆயிரம் மடங்குக்கும் மேல் குறையும். இதைத் தானும் செய்து பார்க்க முயலும் மாணவர்கள் பலர் ‘வித்தியாசமே இல்லையே’ என்று திரும்பி வருவார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வைரஸை அளவுக்கு மீறி விட்டிருப்பார்கள். பிஎம்எல் கூட்டத்தின் காவலுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு செல்லுக்குள் பல வைரஸ் டி.என்.ஏ.க்கள் ஒரே நேரத்தில் புகுந்தால் காவல் நிரம்பி வழிந்து, ஐசிபி0 இல்லாமலேயே வைரஸ் தப்பிவிடும்.

எனவே செல்லுக்கு ஒரு வைரஸ் என்ற கணக்கும் அதிகம். அந்த அளவில் சுமார் 37 விழுக்காடு செல்களில் எதுவும் புகாது; கால்பங்குக்கு மேற்பட்ட செல்களில் இரண்டோ அதற்கு மேலோ புகுந்துவிடும். பத்து செல்லுக்கு ஒரு வைரஸ் என்று குறைத்தால், தொற்றிய செல்களில் 95 விழுக்காட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதற்கும் கீழே போவது இன்னும் நல்லது. செல்களைத் தட்டில் விதைத்த அன்றைய எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடக் கூடாது. வைரஸை விடும் நாளில் தட்டின் ஒரு குழியிலுள்ள செல்களைப் பிரித்தெடுத்து எண்ணியே கணக்கிட வேண்டும்.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று. இந்த ஊனமுற்ற வைரஸின் சரக்கில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்பதை அதே நார்ச்செல்களில் அளந்தால், ஆயிரத்தில் ஒன்றுகூடக் கண்ணில் படாது. சரக்கு நீர்த்திருக்கிறது என்று நினைத்து ஆயிரம் மடங்கு கூடுதலாக விட்டுவிடுவோம். ஆகவே ஐசிபி0 இல்லாமலேயே வைரஸ் வளர விடும் யு2ஓஎஸ் என்ற எலும்புப் புற்றுச் செல்களில்தான் அளக்க வேண்டும். பிறகு சோதனையை நார்ச்செல்களில் செய்ய வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்தால் சோதனையே பயனற்றுப்போகும்.

அடுத்தது, முத்திரையைக் காப்பாற்றுவது. செல்லை உடைத்த நொடியிலேயே சுமோவை எடுக்கும் நொதிகள் கட்டவிழ்ந்து வேலையில் இறங்கிவிடும். பத்து நிமிடம் சாதாரணக் கரைசலில் வைத்தால், புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரிக்கும்போது ஏணிப்படி போல் அடுக்கடுக்காகத் தெரியவேண்டிய பிஎம்எல் பட்டைகளில் மேல்படிகள் காணாமல் போகும். அந்த நொதிகள் சிஸ்டின் என்ற அமினோ அமிலத்தை வைத்தே வெட்டுபவை. எனவே உடைக்கும் கரைசலில் 20 மில்லிமோலார் அளவு என்-எத்தில்மாலிமைடைச் சேர்த்துச் சிஸ்டினை அடைத்துவிட வேண்டும். இது நீரில் நெடுநேரம் நிற்காது. எத்தனாலில் அன்றன்று கரைத்துச் சேர்க்க வேண்டும். அதே கரைசலில் டிடிடி, மெர்காப்டோஎத்தனால் போன்ற ஒடுக்கும் பொருள்கள் இருந்தால் அவை இதைத் தின்றுவிடும். அவற்றைப் பிறகுதான் சேர்க்கலாம். இன்னும் உறுதியான வழி, தட்டிலேயே எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருளின் கொதிக்கும் கரைசலை ஊற்றிச் செல்லை உடைத்து, 95 டிகிரியில் சூடாக்குவது. எந்த நொதியும் பிழைக்காது. பாஸ்பேட்டைப் பார்க்கவேண்டும் என்றால், பாஸ்படேஸ்களைத் தடுக்கும் சோடியம் ஃபுளோரைடும் ஆர்த்தோவனடேட்டும் தேவை.

ஜெல்லில் ஒரு சுமோ ஏறினால் பட்டை 15 முதல் 20 கிலோடால்டன் மேலே நகர்ந்து தெரியும். சுமோவின் உண்மை எடை அதைவிடக் குறைவு. இதை எடைக் கணக்கோடு பொருத்திப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

மேல்படிகள் மறைந்தன என்றே வைத்துக்கொள்வோம். பிஎம்எல் அழிந்ததா, சுமோ மட்டும் கழன்றதா? பட்டையை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. சுமோ மட்டும் கழன்றிருந்தால், சுமோ ஏறாத கீழ்ப் பட்டை தடிக்கும். அழிந்திருந்தால் மொத்தமே குறையும். புரோட்டியசோமைத் தடுக்கும் எம்ஜி132-ஐ 10 மைக்ரோமோலார் அளவில் சேர்த்தால், அழிந்துவந்த பிஎம்எல் திரும்பி வரும். ஆனால் எம்ஜி132-ஐ வைரஸுக்கு முன்பே சேர்த்தால் வைரஸ் உட்கருவுக்குப் போவதே தடைபடும். பிஎம்எல் அழியவில்லை என்பது அப்போது பொய்யான வெற்றி. வைரஸ் நுழைய ஓரிரு மணி நேரம் விட்டுவிட்டுச் சேர்க்க வேண்டும். வெகுநேரம் வைத்தாலும் கெடுதல்தான்: உபிக்விட்டின் எல்லாம் சங்கிலிகளில் சிக்கிக்கொண்டு, புதிதாக ஒட்டுவதற்குக் கையிருப்பு இல்லாமல் போகும். ரிங் விரலில் மட்டும் மாற்றம் செய்த வைரஸைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே நம்பகமான சாட்சி.

பிஎம்எல் ஒன்றை மட்டும் செல்லிலிருந்து நீக்கினால் ஊனமுற்ற வைரஸ் முழுதாக மீளும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். மீட்பு பத்து மடங்கை எட்டுவதே அரிது. எஸ்பி100, டாக்ஸ் ஆகியவற்றையும் சேர்த்துக் குறைக்கும்போது மீட்பு கூடுகிறது. காவல் ஒருவர் கையில் இல்லை.

உற்பத்தியை நிறுத்தும் பாஸ்பேட்

வைரஸின் டி.என்.ஏ.வில் இரண்டு இழைகளிலிருந்தும் ஆர்.என்.ஏ. எழுதப்படுவதால், எதிரெதிர் ஆர்.என்.ஏ.க்கள் சேர்ந்து இரட்டை இழையாகிவிடும். செல்லில் பிகேஆர் என்ற கைனேஸ் இதைத் தொட்டதும் விழித்துக்கொள்ளும். அது இஐஎஃப்2-ஆல்பா என்ற புரதத்தின் 51-ஆவது செரினில் ஒரே ஒரு பாஸ்பேட்டை ஏற்றும். அந்தப் புரதம், ரைபோசோமுக்கு முதல் அமினோ அமிலத்தைக் கொண்டுவந்து தரும் குழுவைச் சேர்ந்தது. பாஸ்பேட் ஏறிய இஐஎஃப்2, தன்னை ஒவ்வொரு சுற்றுக்கும் புதுப்பிக்கும் இஐஎஃப்2பி-ஐ இறுகப் பிடித்துக்கொண்டு விடாது. இஐஎஃப்2பி செல்லில் குறைவான அளவே இருப்பதால், இஐஎஃப்2-இல் ஒரு பகுதிக்கு மட்டும் பாஸ்பேட் ஏறினாலே போதும், செல் முழுவதும் புரத உற்பத்தி படுத்துவிடும். செல் தானும் பட்டினி கிடந்து வைரஸையும் பட்டினி போடுகிறது.

எச்எஸ்வி-1 இதற்கு வைத்திருக்கும் மாற்று ஐசிபி34.5. இது ஒரு நொதி அல்ல. செல்லின் சொந்தப் பாஸ்படேஸான பிபி1-ஐ ஒரு கையிலும் இஐஎஃப்2-ஆல்பாவை இன்னொரு கையிலும் பிடித்துச் சேர்த்துவைக்கிறது, பாஸ்பேட் இறங்கிவிடுகிறது. செல்லிலேயே இந்த வேலையைச் செய்யும் ஜிஏடிடி34 என்ற புரதத்தின் வால்பகுதியை ஒத்ததே ஐசிபி34.5-இன் வால்பகுதியும். இந்த ஒரு மரபணுவை நீக்கினால் வைரஸ் மூளையில் பெருகும் திறனை இழக்கிறது.

அந்த இழப்பே மருந்தானது. பல புற்றுநோய்ச் செல்களில் இந்தத் தற்காப்பு ஏற்கெனவே தளர்ந்திருக்கும். எனவே ஐசிபி34.5 இல்லாத வைரஸ் நல்ல செல்லில் அடங்கிவிடும். புற்றுச் செல்லில் பெருகி அதை உடைக்கும். டாலிமோஜீன் லாஹர்பாரெப்வெக் என்ற இத்தகைய வைரஸை, மெலனோமா என்ற தோல் புற்றுக்கு நேரடியாகக் கட்டியில் ஊசிபோட 2015 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. ஐசிபி34.5-ஐ நீக்கிய இன்னொரு வைரஸுக்கு 2021 ஜூனில் ஜப்பான், மூளைக் கட்டிக்காக அனுமதி வழங்கியது.

வெளியேற ஒரு சுவர்

புது டி.என்.ஏ. அடைத்த கூடு உட்கருவுக்குள்தான் தயாராகிறது. அதன் விட்டம் 125 நானோமீட்டர். உட்கருத் துளை அதில் பாதி அகலம்கூட இல்லை. வந்த வழியே போக முடியாது. உட்கருவின் உள்சுவரில் லாமின் புரதங்கள் பின்னிய வலை வேறு தடுக்கிறது.

செல் பிரியும்போது தன் லாமின் வலையைத் தானே கரைத்துக்கொள்ளும்: சிடிகே1 என்ற கைனேஸ் லாமினில் பாஸ்பேட் ஏற்றும், வலை அவிழும். ஹெர்பிஸ் வைரஸ்கள் இதே முடிச்சைத்தான் அவிழ்க்கின்றன. சைட்டோமெகலோ வைரஸின் யுஎல்97 கைனேஸ், சிடிகே1 குறிவைக்கும் அதே 22-ஆவது செரினில் பாஸ்பேட் ஏற்றுகிறது. வலை மொத்தமும் கரைவதில்லை, ஆங்காங்கே நெகிழ்கிறது. கூடு உள்சுவரின் சவ்வைப் போர்த்திக்கொண்டு வெளிச்சுவரோடு சேர்ந்து வெளியேறுகிறது. எச்எஸ்வி-1 தன் யுஎஸ்3 கைனேஸோடு, செல்லின் பிகேசி கைனேஸ்களையும் சுவருக்கு அழைத்துவந்து இதைச் சாதிக்கிறது.

யுஎல்97-ஐத் தடுக்கும் மாத்திரை மரிபாவிர். உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின் வேறு மருந்துகளுக்கு அடங்காத சைட்டோமெகலோ தொற்றுக்கு 2021 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அளவு நாளைக்கு இருமுறை 400 மில்லிகிராம். இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. இதே வைரஸுக்குக் கொடுக்கப்படும் கான்சைக்ளோவிர் தானாக வேலை செய்யாது. அதன் மேல் முதல் பாஸ்பேட்டை யுஎல்97 ஏற்றினால்தான், மீதி இரண்டைச் செல்லின் நொதிகள் ஏற்றி அதை ஆயுதமாக்கும். யுஎல்97-ஐ மரிபாவிர் முடக்கிவிட்டால் கான்சைக்ளோவிர் வெறும் தூள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்பதன் காரணம் இதுதான். யுஎல்97-இல் 460, 594, 595 போன்ற இடங்களில் ஏற்படும் மாற்றங்கள் கான்சைக்ளோவிருக்கு எதிர்ப்பைத் தருவதும் இதனால்தான்: வைரஸ் தன் கைனேஸின் வேலையை விடாமல், மருந்துக்குப் பாஸ்பேட் ஏற்றுவதை மட்டும் குறைத்துக்கொள்கிறது.

நரம்பில் உறங்கும் வைரஸ்

எச்எஸ்வி-1 உதட்டிலிருந்து நரம்பு வழியே முகத்தின் முக்கிளை நரம்பு முடிச்சுக்குப் போய்த் தங்கிவிடுகிறது. அங்கே அதன் டி.என்.ஏ. ஹிஸ்டோன்கள் சுற்றப்பட்டு, அவற்றில் மெத்தில் முத்திரைகள் குத்தப்பட்டு, ஏறத்தாழ மௌனமாகக் கிடக்கும். எச்3 ஹிஸ்டோனின் 9-ஆவது லைசினில் மூன்று மெத்தில், 27-ஆவது லைசினில் மூன்று மெத்தில்: இவை இரண்டும் ‘இதைப் படிக்காதே’ என்ற முத்திரைகள். எச்எஸ்விக்கு வழக்கமாகத் தரும் அசைக்ளோவிர் மருந்து, பெருகும் வைரஸைத்தான் தடுக்கும். உறங்கும் வைரஸ் டி.என்.ஏ.வைப் படியெடுப்பதும் இல்லை, மருந்தைத் தூண்டும் நொதியை உருவாக்குவதும் இல்லை. அதனால் எவ்வளவு நாள் மாத்திரை எடுத்தாலும் உறங்கும் இருப்பு அப்படியே இருக்கும்.

காய்ச்சலோ கடும் வெயிலோ மன அழுத்தமோ வந்தபின் உதட்டில் மறுபடி கொப்புளம் வருவது ஏன் என்பதற்கு, 2015-இல் எலியின் நரம்புச் செல்களில் அருமையான விடை ஒன்று கிடைத்தது. நரம்புச் செல்லுக்குத் தேவையான வளர்ச்சிக் காரணியின் சைகை அறுந்தால், செல்லின் அழுத்தக் கைனேஸான ஜேஎன்கே விழிக்கிறது. வைரஸ் டி.என்.ஏ. மேலுள்ள ஹிஸ்டோனில், மெத்தில் ஏறிய 9-ஆவது லைசினுக்கு அடுத்த 10-ஆவது செரினில் பாஸ்பேட் ஏறுகிறது. மெத்தில் முத்திரை அழிக்கப்படவில்லை. அது அங்கேயேதான் இருக்கிறது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த பாஸ்பேட், அந்த மெத்திலைப் பற்றி மரபணுவை அடக்கிவைக்கும் புரதங்கள் அங்கே அமர முடியாமல் செய்கிறது. மௌனம் கலைகிறது; மெத்தில் பிறகுதான் நீக்கப்படுகிறது. ஜேஎன்கேயைத் தடுத்தால் வைரஸ் விழிப்பது நின்றுபோகிறது.

மெத்திலை நீக்குவதற்கு வைரஸ் நம்பியிருப்பது செல்லின் எல்எஸ்டி1 போன்ற நொதிகளை. வைரஸ் துகளோடு வரும் விபி16 என்ற புரதம், செல்லின் எச்சிஎஃப்-1 என்ற புரதத்தின் வழியாக இவற்றை வைரஸின் முதல் மரபணுக்களுக்கு அழைத்துவரும். எல்எஸ்டி1-ஐத் தடுத்தால் அந்த மரபணுக்கள் திறக்காது. மனச்சோர்வுக்கு நெடுங்காலமாகத் தரப்பட்டுவந்த டிரானைல்சிப்ரோமின் இந்த நொதியையும் தடுக்கிறது. அது எலியின் நரம்பு முடிச்சில் எச்எஸ்வி விழிப்பதைத் தடுப்பது 2009-இல் காட்டப்பட்டது. இதை வைத்து யாரும் அந்த மாத்திரையைக் கொப்புளத்துக்குச் சாப்பிடக் கூடாது: அது மோனோஅமைன் ஆக்சிடேஸையும் தடுப்பதால், பழைய பாலாடைக்கட்டி போன்ற உணவோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறும்.

எதிர்த்திசையில் போகும் மருந்துகளும் உண்டு. அசெட்டைலை எடுக்கும் நொதிகளைத் தடுக்கும் சோடியம் பியூட்டிரேட், வால்ப்ரோயிக் அமிலம் போன்றவை ஹிஸ்டோன்களில் அசெட்டைலைத் தேக்கி, உறங்கும் ஹெர்பிஸ் வைரஸ்களை எழுப்பக்கூடியவை. எப்ஸ்டைன்-பார் வைரஸ் உறங்கும் செல்களில் அதை எழுப்பிப் பார்க்க ஆய்வகங்கள் பியூட்டிரேட்டை அன்றாடம் பயன்படுத்துகின்றன. அங்கும் தட்டிலுள்ள எல்லாச் செல்களும் எழுவதில்லை. ஒரு பகுதியில் மட்டுமே வைரஸ் விழிக்கும். ஆகவே மொத்தச் செல்களையும் அரைத்து எடுத்த ஒரே பட்டையை வைத்து, விழித்த செல்லில் என்ன முத்திரை இருந்தது என்று சொல்ல முடியாது. விழித்தவற்றை நிறமேற்றித் தனியே பிரித்த பிறகே பார்க்க வேண்டும்.